ஸ்டியரிங்கில் போட்ட ஒட்டு

வண்டியைக் கம்பெனியில் விடுவதா, வெளிப் பட்டறையில் விடுவதா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. இரண்டு இடத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று வெளியில் சொல்வார்கள். வெளியில் இருப்பவன் வண்டியைக் கெடுத்துவிடுவான் என்று கம்பெனியில் சொல்வார்கள். அந்தந்த இடத்தில் நின்றுகொண்டு இரண்டையும் நானே சொல்லியிருக்கிறேன். நீங்கள் இப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் காலை வைத்திருக்கிறீர்கள். எஞ்சினைப் பிரிப்பதும் பூட்டுவதும் உங்களுக்குத் தானாகவே கைவந்துவிடும். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மவுண்ட் ரோடில், சீமை வண்டிகளை விற்கும் ஒரு கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் நான் பிட்டராக இருந்தேன். புது வண்டிகள் வருவது அறவே நின்றுபோயிருந்தது. கப்பலில் வரும் சாமான்களில் முக்கால்வாசி ராணுவத்துக்குப் போய்விடும். மிச்சம் மீதி எங்கள் ஸ்டோரில் கம்பிவலைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும். ஷோரூமில் விற்பதற்கு வண்டியே இல்லாததால் கம்பெனி முழுக்க முழுக்க ஒர்க்ஷாப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மானேஜர் துரை ஓர் உத்தரவு போட்டிருந்தார். எந்தச் சாமானையும் தனியாக விற்கக்கூடாது. வண்டியை முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்யக் கொடுக்கிறவர்களுக்குத்தான் புதுச் சாமான் மாட்டித் தரவேண்டும். ஒரு சாமானுக்காக வருகிறவர் முழு ஓவர்ஹாலுக்குப் பணம் கட்டவேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

எங்கள் போர்மேன் ஓர் ஆங்கிலோ இந்தியர். அவர் பெயர் இங்கே வேண்டாம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், "யார் மேன் இந்த வண்டிய ஓட்றான்? எங்க போறான்?" என்று கேட்பார். பணக்காரர் வீட்டு டிரைவர் ஓட்டும் வண்டியும், அவசரத்துக்கு ஓடும் வண்டியும் ஒரே மாதிரி தேயாது என்பார். ஒரு கோளாற்றைத் தேடும்போது ஓட்டுகிறவரின் முகத்தையும் பார்க்கவேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். அந்த நாளில் அது அபூர்வம். மயிலாப்பூரில் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா அவர். பெயர் விசாலம். சின்ன வயதில் கணவரை இழந்து, அதற்குப் பிறகு படித்து டாக்டரானவர் என்று மயிலாப்பூரில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடையாறிலிருந்து திருவான்மியூர் வரைக்கும், பிரசவ வலி எடுத்தால் ஆள் ஓடி வருவது இவர் வீட்டுக்குத்தான். கடலோரக் குப்பங்களுக்கும் தோப்புக் குடிசைகளுக்கும் இந்தச் சின்ன வண்டிதான் போய்வந்தது. டாக்டர் என்பதால் பெட்ரோல் கூப்பன் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள்.

"ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கறது. நேத்து பள்ளத்துல விழுந்துது. அதுக்கப்பறம்தான்" என்றார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து கீழே தொங்குமே, ஒரு சாண் நீள இரும்பு, ஸ்டியரிங் ஆர்ம், அதில் சந்தேகமாக இருந்தது. துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவி, சாக்பீஸ் பூசினேன். வெள்ளையில் ஒரு கோடு மெதுவாகக் கறுத்து வந்தது. மயிர் போல ஒரு விரிசல்.

போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஆர்ம் மாத்தணும், டாக்டர். வேற வழி இல்லே."

"மாத்திடுங்கோ. எத்தனை நாழியாகும்?"

போர்மேன் என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் எஸ்டிமேட் எழுதிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா அதை வாங்கி நின்றபடியே படித்தார். எஞ்சின், கியர் பெட்டி, பிரேக், பெயிண்டு என்று வண்டியில் இருக்கிற எல்லாம் அதில் இருந்தது. நடுவில் எங்கேயோ அந்த ஆர்மும் இருந்தது.

"இதெல்லாம் நான் கேக்கலையே? எனக்கு இந்த ஒண்ணை மாத்திக் கொடுத்தாப் போறும்."

"கம்பெனி ஆர்டர், டாக்டர். தனியா தர்றதுக்கில்லே."

"எத்தனை நாள் ஆகும் இத்தனையும் பண்ண?"

"மூணு வாரம், நாலு வாரம்."

"இந்த மாசத்துல மட்டும் அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேருக்குப் பிரசவம் இருக்கு. நான் என்ன, நடந்து போவேனா? இந்தப் பணத்துக்கு எங்க போவேன்? எனக்கு பீஸா கத்திரிக்காயும் கருவாடும்தான் வரது. கருவாட்டை நான் என்ன பண்றது, அடுத்தாத்து வேலைக்காரிக்குக் கொடுக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எஸ்டிமேட் தாளை மடித்துப் போர்மேனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இதை ஓட்டாதீங்க. எப்ப வேணாலும் முறியும்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கரீம் பாய் எங்கள் கவுண்டருக்கு வந்தார். கச்சேரி ரோடில் மசூதிக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தவர். மயிலாப்பூரில் கம்பெனிக்குப் போக வசதியில்லாத வக்கீல், வாத்தியார், டாக்ஸிக்காரர் எல்லோருக்கும் அவர்தான் கதி. வெல்டிங்கில் நல்ல கை. அவரிடம் ஒரு குறையும் உண்டு. யார் வந்து கெஞ்சினாலும் முடியாது என்று சொல்ல வராது. காலையில் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருப்பார், மத்தியானம் இன்னொருவருக்குக் கொடுப்பார், இரண்டு வண்டியும் பிரித்தபடி கிடக்கும். அதற்காக அவர் வாங்காத திட்டு கிடையாது.

டாக்டரம்மா வண்டியை அவரிடம்தான் கொண்டுபோயிருந்தார், அதற்கு ஆர்ம் வாங்க வந்திருந்தார். கவுண்டரில் முடியாது என்று சொன்னதும் என்னைத் தேடிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குள் வந்துவிட்டார்.

"சபாபதி, இன்னா நைனா இது அநியாயம்? துட்டு குடுக்கறேன், சாமான் குடுன்றேன். உள்ளே கீதுன்றான், குடுக்க மாட்டேன்றான்."

"ஆர்டர் பாய்."

"மூர் மார்க்கெட்டு பூரா சுத்திட்டேன். பழைய இரும்புக்காரன் ஒருத்தன் வுடாம கேட்டுட்டேன். இந்த வண்டிக்கு இல்லவே இல்லே."

ஸ்டோரில் அது இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்தேன். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இரண்டு இருந்தன. ஸ்டோர்கீப்பர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு, திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். நான் போர்மேனிடம் போய்ச் சொன்னேன். இது ஹாரனோ கதவுக் கைப்பிடியோ இல்லை, ஸ்டியரிங், ஓட்டுவது பிரசவ டாக்டர் என்றேன். அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு மானேஜர் துரையின் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகுதான் தெரிந்தது. வெளியே வந்தபோது கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"ஒருத்தனுக்குக் குடுத்தா ஊர்லே இருக்கிற எல்லா ஷெட்காரனும் கியூவுலே நிப்பானாம். ஒர்க்ஷாப்பை மூடிட்டுப் பார்ட்ஸ் கடை வெக்கலாமான்னு கேக்கறார். நோ, மேன்."

கரீம் பாயை வாசல் வரைக்கும் கொண்டுவிடப் போனேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திடீரென்று கேட்டார். "நீ இன்னா சொல்றே? ஒட்டலாமா?"

"வேணாம் பாய். ஸ்டியரிங்லே ஒட்டு வேணாம்."

"அது எனுக்கும் தெரியும் நைனா. நான் ஒட்டலேன்னு வெச்சிக்கோ, அந்தம்மா வெரிசல் வுட்ட ஆர்மோடயே போவும். நேத்துகூட அப்டித்தான் போய்க்கினு வந்துச்சாம். அதுவும் எனுக்குத் தெரியும். இப்ப சொல்லு."

இன்றைக்கு உங்களில் யாரையாவது எழுப்பி நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டால் நீங்களும் தடுமாறுவீர்கள். வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். அதைச் செய்ய மனதில் ஒரு கடுமை வேண்டும். கரீம் பாயிடம் அது இல்லை.

அவர் ஒட்டினார். விரிசலைத் திறந்து நிரப்பி, பக்கத்தில் ஒரு பட்டையும் வைத்துச் சேர்த்தார். டாக்டரம்மாவிடம், "இது தாங்காதும்மா, எப்டியாவது புதுசு வாங்கிடுங்க. அதுவரிக்கும் மெதுவா போங்க, நாலு பேரை ஏத்தாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். டாக்டரம்மாவும் நிஜமாகவே புதுச் சாமானுக்கு முயற்சி செய்தார். பம்பாய்க்கு எழுதிப் போட்டிருந்தார். பதில் வரவில்லை.

சில வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் அடையாறிலிருந்து முனுசாமி என்கிற ஆள் நனைந்துகொண்டே மயிலாப்பூருக்கு ஓடி வந்தார். ஒரு பங்களாவில் தோட்ட வேலை செய்கிறவர். அவர் மனைவி கன்னியம்மாவுக்கு முந்தைய நாளிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். டாக்டரம்மா அவரை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். குடிசையில் வைத்து ஒன்றும் செய்யமுடியாது, ஆபரேஷன் செய்தால்தான் உண்டு என்று தெரிந்தது. கன்னியம்மாவைப் பின் ஸீட்டில் படுக்க வைத்து, மருத்துவச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து, முனுசாமியை முன்னால் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மெதுவாகப் போகவேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்தது. கோர்ட்டில் அவரே சொன்னார். பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மெதுவாக ஓட்ட முடியவில்லை என்று சொன்னார்.

ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே ஒரு விறகு வண்டி. ஒதுக்கினார். ஸ்டியரிங் சக்கரம் கையோடு சும்மா சுற்றியது. வண்டி சரிவில் இறங்கிப் பனைமரத்தில் மோதி நின்றது. டாக்டரம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவச்சிக்கு நினைவில்லை. மழையில் சேற்றில் உட்கார்ந்துகொண்டு டாக்டரம்மா இடது கையால் முடிந்ததைச் செய்தார். மற்றதை முனுசாமிக்குச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் தன் மனைவிக்குத் தானே செய்தார். விறகு வண்டிக்காரன் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வருவதற்குள் தாயும் போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது.

போலீசார் கரீம் பாயை அன்று சாயங்காலமே பட்டறையிலிருந்து அழைத்துப்போனார்கள். வண்டியைச் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று எங்கள் கம்பெனியைக் கேட்டார்கள். போர்மேனும் நானும் போனோம். ஸ்டேஷன் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பின் ஸீட்டில் ஒரு பழம்புடவை இன்னும் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் அடியில் போய் முறிந்த ஆர்மைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

போர்மேன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டு அப்படியே இருந்தது. ஒட்டுக்குப் பக்கத்தில், நெருப்புப் பட்டு வலுக் குறைந்த இடத்தில் முறிந்திருந்தது.

"நல்ல வெல்டிங், மேன்" என்றார். "பண்ணியிருக்கவே கூடாது."

அதைத்தான் ரிப்போர்ட்டாக எழுதிக் கொடுத்தோம். மானேஜர் துரைக்கு ரொம்பத் திருப்தி. வெளிப் பட்டறைகளைப் பற்றி நாம் இத்தனை நாளும் சொல்லிவந்தது இப்போது கோர்ட்டிலேயே நிரூபணமாகப் போகிறது என்று ஷோரூம் குமாஸ்தாக்களிடம் சொன்னாராம். ஆர்மைக் கழற்றியவன் நான் என்பதால் சாட்சி சொல்ல எனக்குத்தான் சம்மன் வந்தது. துரை என்னை உள்ளே கூப்பிட்டு, முதல் தடவையாக உட்காரச் சொன்னார். இரும்பு எப்படி முறிந்தது என்பதோடு நிறுத்திக்கொள், உன் உத்தியோக உயர்வு என் கவனத்தில் இருக்கிறது என்று பிரியமாகச் சொன்னார்.

வெளியே மாடிப்படியில் போர்மேன் காத்துக்கொண்டிருந்தார். "கேளு, மேன். அவன் இரும்பைப் பத்திக் கேப்பான். நீ இரும்பைப் பத்திச் சொல்லு. கேக்காததைச் சொல்லாதே. எக்ஸ்பர்ட்டுக்கு அதுதான் ரூல்."

அது கெட்ட புத்திமதி என்று நான் நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை. நாளைக்கு உங்களையும் யாராவது சாட்சிக்குக் கூப்பிடலாம். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள், மனிதர்களை எடைபோடாதீர்கள். நான் அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் அந்த ஆர்ம் இருந்தது என்பது ஊகம் இல்லையே, என் கையில் வாங்கிப் பார்த்தேனே என்கிற இடத்தில் வந்து ஒவ்வொரு தடவையும் நின்றேன். எனக்கு வீட்டில் அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். வேறு சம்பாத்தியம் கிடையாது.

சைதாப்பேட்டைக் கோர்ட்டில் முதலில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

"மெக்கானிக் என்னிடம் சொன்னார். தாங்காது, மெதுவாகப் போங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள் என்று சொன்னார். நான்தான் ஏற்றினேன். நான்தான் வேகமாக ஓட்டினேன்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

குற்றவாளிக் கூண்டிலிருந்து கரீம் பாய், "அந்தம்மா மேலே இன்னா தப்பு ஐயா? தாங்காதுன்னு தெரிஞ்சி நான் ஏன் குடுத்தேன்?" என்றார். அவருடைய வக்கீல் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து அழுத்தினார். சொன்னது சொன்னதுதான்.

அடுத்து நான். ஆர்மை மேஜையில் வைத்திருந்தார்கள். அரசாங்க வக்கீல் கேட்டார். எங்கே முறிந்தது? ஒட்டுக்குப் பக்கத்தில். ஒட்டினதால்தான் முறிந்ததா? ஆமாம். தொழில் தெரிந்த மெக்கானிக் ஸ்டியரிங் ஆர்மை ஒட்டலாமா? கூடாது. மூன்றுமே சத்தியமான பதில்கள். ஒவ்வொன்றும் கரீம் பாயை எங்கே கொண்டுபோகிறது என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வக்கீல் எழுந்து வெல்டிங் கம்பியைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்க வேண்டியது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாஜிஸ்திரேட் என்னை இறங்கச் சொன்னார். கடைசி பெஞ்சில் எங்கள் கம்பெனி குமாஸ்தா நோட்டை மூடிப் பென்சிலைச் சட்டைப்பையில் செருகுவது தெரிந்தது.

நான் இறங்கவில்லை.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்."

"கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது."

"அந்த ஆர்ம் புதுசு எங்க கம்பெனி ஸ்டோர்ல இருந்துச்சு ஐயா. இவர் வந்து பணம் குடுத்துக் கேட்டார். டாக்டரம்மாவும் கேட்டாங்க. முழு ஓவர்ஹால் பண்ணாத்தான் குடுப்போம்னு சொல்லிட்டாங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

கோர்ட்டில் சத்தம் எழுந்து அடங்கியது. "உங்கள் கம்பெனி இந்த வழக்கில் எதிரி இல்லை" என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். அதை எழுதிக்கொண்டாரா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

கரீம் பாய்க்குச் சில மாதம் ஜெயில் தண்டனை கிடைத்தது. எச்சரித்துக் கொடுத்ததால் குறைத்திருப்பதாகத் தீர்ப்பில் சொன்னார்கள். என்னைக் கம்பெனியில் மறுநாள் காலையே கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். என் கருவிப் பெட்டியைக் காவல்காரர் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார். போர்மேன் கேட் வரைக்கும் வந்தார். "ஃபூல்" என்றார். அப்புறம் கையை நீட்டினார். வெகுநேரம் என் கையை விடவில்லை. பிறகு உள்ளே போய்விட்டார்.

டாக்டரம்மாவின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. வண்டியை அவர் விற்றுவிட்டார். நடந்துபோகிற தூரத்துக்கு மேல் பிரசவம் பார்க்க வருவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மறுபடி மருத்துவச்சியை நம்பித்தான் இருந்தார்கள். ஒரு சாண் இரும்பை முடக்கி வைத்ததில் எத்தனை பேர் அழிந்தார்கள் என்று கணக்குப் போட யாராலும் முடியாது. கன்னியம்மாவோடு அது நின்றிருக்காது.

என்னை மாம்பலத்தில், உஸ்மான் ரோடுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட்டில் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனியில் வாங்கியதில் பாதிதான் சம்பளம். ஜெயிலிலிருந்து வந்ததும் கரீம் பாய் ஒருநாள் அங்கே வந்தார். தாடி நரைத்திருந்தது.

"நீ ரெண்டு நெசம் சொன்னே நைனா" என்றார். "மொத நெசத்துக்கு நான் உள்ளே போனேன். ரெண்டாவதுக்கு நீ வெளியே வந்துட்டே."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். முதலாளியிடம் கேட்டுவிட்டு, எங்களோடு வேலைக்கு வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். கையை விரித்துக் காட்டினார். "இரும்பைத் தொட்டா அந்தப் பொம்பளை ஞாபகம் வருது" என்றார். கொஞ்ச நாள் பூட்டு சாவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு வேலூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஷெட்டில் நான் ஒரே ஒரு வழக்கத்தைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் கோளாறு என்று தெரிந்துவிட்டால், சரியான சாமான் கிடைக்காதவரை வண்டி வெளியே போகாது. கத்துவார்கள். என் வண்டியை வைத்துக்கொள்ள நீ யார் என்பார்கள். போலீசைக் கூப்பிடு, அவரிடமே சாவியைக் கொடுக்கிறேன் என்பேன். அதனால் போன வாடிக்கையாளர்கள் நிறைய. கம்பெனியில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். முடியாது என்று ஒருவரைக் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்பும்போது அவர் அடுத்தபடி எங்கே போவார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர் வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டில் உட்காரப் போவதில்லை. நீங்கள் சொல்லும் விலைதான் அவரை ஓர் இடத்துக்கு அனுப்புகிறது.

நான் மாம்பலம் வந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு பிற்பகல், ஷெட் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். தலையில் முண்டாசு, முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய வேட்டி. கோர்ட் வராந்தாவில் தூணோரமாகக் குந்தியிருந்தவர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முனுசாமி.

"உன்னெத்தான் தேடிக்கினு வந்தேன் சாமி" என்றார். "மவுண்ட் ரோட்ல கேட்டேன், இங்கே கீறேன்னாங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், பிரித்துப் போட்டிருந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கிக் கோர்ட்ல சொன்னியே, அந்தச் சாமான் உள்ளே கீதுன்னு."

"ஆமாம்."

"அத்தே கேக்கணும்னுதான் வந்தேன். அது இன்னா வெலை சாமி?"

ஓவர்ஹாலா, தனிச் சாமானா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவர் கேட்டது எது என்று எனக்குத் தெரிந்தது.

"பன்னெண்டு ரூபா" என்றேன்.

வாய்க்குள்ளேயே அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைக் கேட்டிருந்தா நான் வாங்கிக் குடுத்துருப்பனே" என்றார்.